மேலே அடிக்கும் கீழ்க்காற்று: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் மாணவர் ஹாம் ரேடியோ சங்கத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன் (உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களைத்தான் ஹாம் என்பார்கள்). தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற இருபது சொச்சம் பிள்ளைகள், இருக்கிற இடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே போகிற ரேடியோவைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பலூனில் கட்டி, 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பிய கதை. அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஃபோட்டோ எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபோட்டோ கதைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் மற்றவை.

பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். உங்கள் சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து "விண்வெளிக்குப் பெட்டி அனுப்புறோம், என் பங்கு 1,500 ரூபாய் கொடு" என்று நச்சரிக்கிறான். இது படிப்பா, விளையாட்டா?
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

அம்மா, முதலில் உங்கள் பையனைத் திருத்துங்கள். அது விண்வெளி இல்லை. விண்வெளி 100 கிலோமீட்டரில் தொடங்குகிறது என்பது பொதுவான கணக்கு, எங்கள் பலூன் அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது. ஆனால் அந்த உயரத்தில் காற்று இங்கே இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான், பட்டப்பகலில் வானம் கறுப்பாகத் தெரியும். அதுவே எங்களுக்குப் போதும்.

பணம் எதற்கு என்றால், பலூன் ஒன்றே பல ஆயிரம் ரூபாய், அதுவும் ஒரே தடவைதான் பறக்கும். ஹீலியம் சிலிண்டர் தனி. மற்றதையெல்லாம் பிள்ளைகள் மலிவாக முடித்துவிடுகிறார்கள். பாராசூட் எம்.சி. ரோட்டில் வாங்கிய குடைத் துணி, தைத்தது ஒரு மாணவியின் பாட்டி. பெட்டி, மீன் பார்சல் வருகிற தெர்மோகோல் பெட்டி (மூன்று தடவை கழுவியும் வாடை போகவில்லை, அது வேறு விஷயம்). எலக்ட்ரானிக்ஸ் சாமான் ரிச்சி தெருவில்.

படிப்பா என்று கேட்டீர்கள். போன மாதம் பெட்டியும் பாராசூட்டும் ஒரு கிலோ, அதை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே தூக்க இன்னும் ஒன்றேகால் கிலோ தேவை என்று உங்கள் பையன்தான் கணக்குப் போட்டான். பிறகு ஒரு கேனில் இரண்டேகால் லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி பலூனின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, கேன் தரையை விட்டு மெல்ல எழும்பிய நொடியில் "கேஸை நிறுத்து!" என்று கத்தினான். பாடப் புத்தகத்தில் ஆர்க்கிமிடிஸ் இருக்கிறார், மார்க்குக்காக. அன்றைக்கு அவர் அந்தக் கேனில் இருந்தார். 1,500-ஐ ஒரே தடவையாகக் கொடுக்க வேண்டாம், மூன்று மாதத்தில் கொடுங்கள், போதும்.

காத்தாடி விட்டாலே போலீஸ் பிடிக்கிறது. இவ்வளவு பெரிய பலூனை மட்டும் எப்படி விடுகிறார்கள்?
– ஜெராக்ஸ் கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை

நியாயமான கேள்வி. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து எத்தனை உயிர் போயிருக்கிறது என்று வடசென்னைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் பாடமே நூல்தான். பன்னாட்டு விதிப்படி ஆளில்லாப் பலூன்களில் லேசான வகை என்றால் சுமை 4 கிலோவுக்குக் குறைவு, பெட்டியைக் கட்டும் கயிறு 230 நியூட்டனுக்குக் குறைவான விசையிலேயே அறுந்துவிட வேண்டும். சுமாராக 23 கிலோ எடை தொங்கினால் அறுகிற நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு விமானத்தில் பட்டால் நூல் அறுந்து போகட்டும், விமானத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் காரணம்.

அதோடு முடிந்ததா? இல்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு எழுத வேண்டும், அவர்கள் ஒப்புக்கொண்டால் இந்த நாள், இந்த நேரம், இந்த இடத்தில் பலூன் வருகிறது என்று விமானிகளுக்கு நோட்டாம் என்கிற அறிவிப்பு போகும், மாவட்ட நிர்வாகத்துக்கும் உள்ளூர் காவல் நிலையத்துக்கும் கடிதம், அப்புறம் பறக்கவிடுவதற்கு முன்னால் போன் போட்டு மறுபடியும் சொல்ல வேண்டும். சென்னைக்குள்ளே, அதாவது மீனம்பாக்கம் ஒரு பக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம் ஒரு பக்கம் இருக்கிற வானத்தில் விடுவது என்பதை மறந்தே விடுங்கள். நாங்கள் ஆரணிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போய்த்தான் விட்டோம். கடிதம் எழுத ஆரம்பித்ததிலிருந்து பலூன் எழும்ப நாலு மாதம். பெட்டி செய்ய மூன்று வாரம்.

அவ்வளவு தூரம் எதற்கு? எண்ணூர்க் கடற்கரை காலியாகத்தானே கிடக்கிறது?
– கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

கடற்கரை காலிதான் தம்பி, கடலும் காலிதான். விழுந்தால் யார் எடுப்பது?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று மேற்கிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. நம் ஊரில் அதை மேல்காற்று என்போம், கடலுக்குப் போகிறவர்கள் கச்சான் என்பார்கள். பலூனை ஆடியில் விட்டால் முதல் இருபது, இருபத்தைந்து நிமிஷம் அது கிழக்கே கடல் பக்கமாகத்தான் ஓடும். மைதானத்தில் நிற்கிற எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆறேழு கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் காற்று மெல்லச் செத்து, அப்படியே திரும்பி, கிழக்கிலிருந்து மேற்கே அடிக்க ஆரம்பிக்கும். 15 கிலோமீட்டர் உயரத்தில் அது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கிற பெருங்காற்று. நம் சென்னை அட்சரேகைக்கு நேர் மேலேயேதான் அதன் வழி. இந்தக் கிழக்கு ஜெட் காற்றை 1958-ல் எழுதி உலகுக்குச் சொன்னவர் பி. கோட்டேஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறைக்கே தலைவராக இருந்தவர். ஆக, கீழே அடிப்பது மேல்காற்று, மேலே அடிப்பது கீழ்க்காற்று, அதாவது கிழக்குக் காற்று! தமிழில் இப்படி ஒரு வேடிக்கை.

இந்தக் காற்றை நம்பித்தான் ஆடியில் விடுகிறோம். ஆரணியில் விட்ட பெட்டி கிழக்கே கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் தலைக்கு மேலேயே திரும்பி வந்து, ஜவ்வாது மலையைத் தாண்டி கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இறங்கியது. இதையே பங்குனி சித்திரையில் விட்டால் மேலேயும் மேற்குக் காற்று வர வாய்ப்பு உண்டு, பெட்டி வங்காள விரிகுடாவுக்குப் போய்ச் சேரும். எண்ணூரிலிருந்து ஆடியில் விட்டாலோ சித்தூர், திருப்பதி மலைக்காடு. அங்கே சிறுத்தை இருக்கிறது தம்பி.

ஏன் இத்தனை பாடு? பெட்டிக்குள் ஒரு செல்போனை வைத்து லொகேஷன் ஷேர் பண்ணினால் முடிந்தது.
– பொறியியல் மாணவர், பெரம்பூர்

செல் கோபுரத்து ஆன்டெனாக்கள் தரையைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்கும், வாடிக்கையாளர்கள் கீழேதானே இருக்கிறார்கள். கொஞ்ச உயரம் போனதும் போன் ஊமை. இறங்கிய இடத்தில் டவர் இல்லாவிட்டால் அங்கேயும் ஊமை.

நான் லாஞ்ச் போட்டில் டிரைவர். எங்கள் போட்டிலும் வயர்லெஸ் செட் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மைல் தாண்டினாலே பக்கத்துப் போட்டு கேட்காது. உங்கள் பெட்டி மட்டும் எப்படி அவ்வளவு தூரம் பேசுகிறது? பவர் ஜாஸ்தியா?
– காசிமேடு வாசகர்

அண்ணே, இத்தனை கடிதத்தில் சரியான கேள்வி உங்களுடையதுதான். பவர் ஜாஸ்தி இல்லை. உங்கள் செட் 25 வாட் வரை தரும், எங்கள் பெட்டியில் இருந்தது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. டார்ச் பல்புகூட எரியாது.

விஷயம் உயரத்தில் இருக்கிறது. உங்கள் செட் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்கிறது, நாங்கள் ஹாம்களுக்கு ஒதுக்கிய 144–146-லும் 434–438-லும் பேசுகிறோம். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை, பூமி உருண்டையாக இருப்பதால் தொடுவானத்துக்கு அப்பால் இறங்கிப் போகாது. உங்கள் ஆன்டெனா தண்ணீர் மட்டத்திலிருந்து 6 மீட்டர் என்றால் அதன் எல்லை சுமார் 10 கிலோமீட்டர். எதிர்ப் போட்டுக்கும் அதே 10. இரண்டையும் கூட்டினால் 20 கிலோமீட்டர், உங்கள் கணக்கில் 11 கடல் மைல். நீங்கள் சொன்ன அதே கணக்கு! அதே ஆன்டெனாவை 30 கிலோமீட்டர் உயரத்தில் தூக்கி வைத்தால் எல்லை 700 கிலோமீட்டர். அன்றைக்கு ஆரணிக்கு மேலே இருந்த பெட்டியை எங்கள் பிள்ளைகள் தண்டையார்பேட்டை மாடியிலும் கேட்டார்கள், பெங்களூரிலும் மதுரையிலும் ஹாம் நண்பர்கள் கேட்டு எழுதினார்கள்.

கலங்கரை விளக்கத்தை உயரமாகக் கட்டுவதும் இதற்குத்தான். நான் பிள்ளைகளிடம் சொல்வது, பலூன் என்பது 30 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பம், ரெண்டு மணி நேர வாடகைக்கு. கம்பத்தின் மேல் என்ன தொங்குகிறது, கீழே யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள், அதுதான் வேலை. உங்கள் செட்டில் எங்கள் பெட்டி கேட்காது, அலைவரிசை வேறு. அதில் ஹாம் பேச முயலவும் வேண்டாம், அது கடலுக்கான செட், உயிர் காக்கிற செட்.

பலூன் வெடிக்கும்போது சத்தம் கேட்குமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி

கீழே நிற்கிற நமக்கு ஒன்றும் கேட்காது கண்ணு. ரொம்பத் தூரம், அங்கே சத்தத்தைச் சுமக்கக் காற்றும் கம்மி. தரையில் ஒரு ஆள் உயரம் இருந்த பலூன் மேலே போகப் போக உப்பி, ரெண்டு மாடி வீடு அளவுக்கு ஆகித்தான் உடையும். சத்தம் வராவிட்டாலும் பெட்டி சொல்லும். ஏறிக்கொண்டிருந்த உயர எண் திடீரென்று இறங்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

ஹீலியம் விலை ஜாஸ்தி என்கிறீர்கள். வடிவுடையம்மன் கோயில் திருவிழாவில் பலூன் விற்கிறவரிடம் கேஸ் பிடித்துக்கொண்டால் என்ன?
– ஆட்டோ ஓட்டுநர், திருவொற்றியூர்

வேண்டவே வேண்டாம். சிலர் பழைய சிலிண்டரில் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டையும் போட்டு அங்கேயே ஹைட்ரஜன் தயாரிக்கிறார்கள். அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க மீட்டர் கிடையாது, சிலிண்டரின் சுவர் உள்ளுக்குள்ளே அரித்திருப்பதும் தெரியாது. திருவிழாக் கூட்டத்தில் அது வெடித்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும், அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது, நைலான் சட்டையில் வருகிற சின்ன மின்பொறி போதும். வானிலைத் துறை ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்துகிறது என்பது உண்மை. அவர்களிடம் அதற்கென்று கட்டிய அறையும் பழகிய ஆளும் இருக்கிறார்கள். பதினாறு வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கிட்டே என் மச்சான் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கண்டெடுத்தான். உள்ளே சர்க்யூட், கூடவே கிழிந்த ரப்பர். உங்கள் பசங்களுடையதா?
– வாசகர், நெட்டுக்குப்பம்

எங்களுடையது இல்லை, எங்கள் பெட்டியில் தமிழில் பெரிதாக "ஆபத்தில்லை, மாணவர் பரிசோதனை" என்றும் போன் நம்பரும் எழுதியிருக்கும். நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் வானிலை பலூனின் ரேடியோசாண்ட் போலிருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையினர் காலை 5.30, மாலை 5.30 மணி நிலவரத்துக்காக அனுப்புவது. வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் அளந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே போய், மேலே உடைந்து, எங்காவது விழும். மழை வருமா என்று டிவியில் சொல்கிறார்களே, அதற்குப் பின்னால் இந்தப் பெட்டியும் இருக்கிறது. ஆனாலும் இனிமேல் அடையாளம் தெரியாத பெட்டி எதைக் கண்டாலும் தொட வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லுங்கள், முதலில் போலீசுக்குப் போன்.

எல்லாம் சரியாகவே நடந்தது போல எழுதுகிறீர்கள். ஒரு சொதப்பலாவது நடந்திருக்குமே? ஃபோட்டோவையும் காணோம்!
– ஆசிரியை, ராயபுரம்

நடந்தது டீச்சர், ரெண்டும் ஒரே கதை.

பலூன் எழும்பி நாற்பது நிமிஷம் எல்லாம் ஒழுங்கு. உயரம் பதினோராயிரம் மீட்டர், பதினொன்றரை, பன்னிரண்டாயிரம் என்று லேப்டாப்பில் வந்துகொண்டே இருந்தது, அங்கேயே நின்றுவிட்டது. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அதே எண், அதே இடம். பலூன் ஏறாமல் மிதக்கிறது, கேஸ் கம்மியாகப் பிடித்துவிட்டோம் என்று ஒரு கட்சி. நூல் அறுந்துவிட்டது என்று இன்னொரு கட்சி. கேனில் தண்ணீர் அளந்த பையன் முகம் செத்துப்போச்சு.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் மட்டும் உயரத்தைப் பார்க்காமல் பக்கத்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு வெளியே தொங்கவிட்ட தெர்மிஸ்டர், வெப்பத்தை அளக்கிற பத்து ரூபாய்ச் சாமான். அது மைனஸ் ஐம்பது, அறுபது, எழுபது என்று இறங்கிக்கொண்டே போய், கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, மெல்லத் திரும்பி ஏற ஆரம்பித்தது. "சார், பலூன் ஏறிக்கிட்டுதான் இருக்கு. ட்ரோபோபாஸைத் தாண்டிடுச்சு" என்றாள். நம் பக்கத்து வானத்தில் குளிர் 16, 17 கிலோமீட்டர் வரை கூடிக்கொண்டே போகும், அந்த எல்லைதான் ட்ரோபோபாஸ், அதற்கு மேலே ஓசோன் இருக்கிற அடுக்கில் திரும்பச் சூடேறும். தெர்மிஸ்டர் காட்டிய எண் அஞ்சாறு டிகிரி தப்பாக இருக்கலாம், ஆனால் திரும்பியது திரும்பியதுதான். நின்றுபோனது ஜி.பி.எஸ். மட்டும். நாங்கள் வாங்கிய வகை ஜி.பி.எஸ். சில்லு கடையிலிருந்து வரும்போது, கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவனுக்கு என்று அமைத்திருக்கும், 12 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதாகத் தெரிந்தால் ஏதோ தப்பு என்று அதுவே வாயை மூடிக்கொள்ளும். பறக்கும் நிலைக்கு மாற்ற ஒரு கட்டளை அனுப்ப வேண்டும், அப்போது 50 கிலோமீட்டர் வரை சொல்லும். அந்த ஒரு வரியை நிரலில் சேர்க்க மறந்தது யார் என்று கேட்காதீர்கள். அன்றைக்குப் பசங்களோடு வந்திருந்த ஒரே பெரிய மனுஷன் நான்தான்.

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடம் தெரியாமல், கார்பென்டர் டேப்பை வெட்டி பி.வி.சி. குழாயில் பொருத்திய, நீட்டிய திசையில் நன்றாகக் கேட்கிற யாகி ஆன்டெனாவை ஆளுக்கு அஞ்சு நிமிஷம் தூக்கிப் பிடித்து, எந்தத் திசையில் சத்தம் பலமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே வேனில் மேற்கே போனோம். பலூன் உடைந்து பெட்டி இறங்கி 12 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் ஜி.பி.எஸ். தானாக விழித்துக்கொண்டது. வேனில் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் அடித்துவிட்டார். மாந்தோப்பில் காவலுக்கு இருந்த தாத்தா பெட்டியைத் தொடாமல், பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தார். எழுதியிருந்ததைப் படித்தாராம்.

ஃபோட்டோவா? கேமராவின் பேட்டரி சாதாரண ஆல்கலைன், ரேடியோவுக்குப் போட்டது லித்தியம். குளிரில் கேமரா 9 கிலோமீட்டரிலேயே தூங்கிவிட்டது. இருக்கிற படத்தில் பாதி மேகம், மீதி ஆரணி ஏரி. அடுத்த தடவை இரண்டுக்கும் லித்தியம்தான் டீச்சர்.

பலூன் எல்லாம் எங்கள் வசதிக்கு இல்லை. ரேடியோ மட்டும் கற்றுக்கொள்ள வழி உண்டா? எனக்கு வயது 13.
– எட்டாம் வகுப்பு மாணவி, எருக்கஞ்சேரி

உண்டு. 12 வயது முடிந்தால் ஹாம் தேர்வு எழுதலாம், தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. அடிப்படை எலக்ட்ரானிக்ஸ், விதிமுறைகள், அவ்வளவுதான். பாஸானால் வி.யூ. என்று தொடங்குகிற அழைப்புக் குறி உன் பெயரில் வரும், உலகத்தில் வேறு யாருக்கும் அது இருக்காது. மைக் பட்டனை அமுக்க அந்த உரிமம் கட்டாயம். அதுவரைக்கும் கேட்டுப் பழகு. முதல் ஆறு மாதம் நான் யாரையும் பேச விடுவதில்லை, கேட்கத்தான் விடுவேன்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. இந்த வாரம் நரி வேட்டை. ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்காவது ஒளித்து வைத்துவிடுவோம், டேப் ஆன்டெனாவோடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். போன தடவை எம்.சி. ரோடு ஜவுளிக் கடை ஒன்றின் ஷட்டர் சிக்னலை எதிரொலித்து எல்லோரையும் தப்பான சந்துக்குள் அனுப்பிவிட்டது. அப்படிக் குழம்பினால், சின்ன ஆன்டெனா உள்ள கைரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், உன் முதுகுக்குப் பின்னால் நரி இருந்தால் உன் உடம்பே அதை மறைக்கும், சத்தம் குறையும். நீ எந்தப் பக்கம் திரும்பி நிற்கும்போது சத்தம் ரொம்பக் குறைகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம்தான் நரி இருக்கும். செருப்பு நல்லதாகப் போட்டுக்கொண்டு வா, நிறைய நடக்க வேண்டியிருக்கும்.